எடைக்குக் கொடுத்த காலமும் பொட்டலத்துக்குக் கொடுக்கும் காலமும்: அயல்நாட்டு அஞ்சல் விதி மாற்றங்களும் சிறு இணைய விற்பனையாளரின் தெரிவுகளும்

சிறிய அளவில் இணையத்தில் பொருள் விற்பவர் ஒருவர் அயல்நாட்டு ஆர்டருக்கான அனுப்பும் செலவைக் கணக்கிட, சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு தராசும் அஞ்சல் கட்டண அட்டவணையும் போதுமானவையாக இருந்தன. பொட்டலத்தின் எடையும் போய்ச்சேரும் நாடும் தெரிந்தால் தொகை தெரிந்துவிடும். மலிவான பொருளைச் சேருமிட நாட்டுச் சுங்கம் வரியின்றி விட்டுவிடும் என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் பலித்தது. அந்த நிலை இப்போது இல்லை. கிராமுக்கு இவ்வளவு என்று இருந்த செலவு படிப்படியாகப் பொட்டலத்துக்கு இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு என்று மாறியிருக்கிறது. ஆகவே, எந்த அஞ்சல் சேவை மலிவு என்று கேட்டுக்கொண்டு தொடங்கும் ஒப்பீடு தவறான இடத்தில் போய் முடியும். வரியையும் (விற்பனைமீது விதிப்பது) தீர்வையையும் (இறக்குமதிமீது சுங்கம் விதிப்பது) யார், எந்த இடத்தில், எவ்வளவு கூடுதல் செலவோடு செலுத்துகிறார் என்பதே இன்று கேட்க வேண்டிய முதல் கேள்வி. இக்கட்டுரை அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு விற்பனையாளர் முன்னுள்ள வழிகளை ஒப்பிடுகிறது.

விதிகள் நகர்ந்த திசை

1874இல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில் பிறந்தது உலக அஞ்சல் ஒன்றியம். அதன் முதல் நூறாண்டின் பெரும்பகுதியில், கடிதத்தை அனுப்பும் நாடு தபால்தலைப் பணம் முழுவதையும் தானே வைத்துக்கொண்டது. போகும் கடிதத்துக்குப் பதில் கடிதம் ஒன்று வரும், இரு பக்கச் செலவும் ஈடாகிவிடும் என்பது அதன் கணக்கு. வரவும் போக்கும் சமமாக இல்லை என்பது தெளிவான பின், 1969 டோக்கியோ மாநாட்டின் முடிவின்படி, 1971 முதல், அஞ்சலைப் பெற்று வீடு சேர்க்கும் நாட்டுக்கு அனுப்பும் நாடு ஒரு தொகை தரும் ஏற்பாடு வந்தது. இதைத்தான் முனையக் கட்டணம் என்கிறார்கள். இரண்டு கிலோவரையுள்ள சிறு பொட்டலங்கள் கடித அஞ்சலின் ஒரு வகையாகவே பயணம் செய்தன. வளரும் நாடுகளாக வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு இந்தக் கட்டணம் குறைவாகவும் இருந்தது. இணைய வணிகம் பெருகியபோது, கடிதங்களுக்காக வகுத்த சலுகையில் பொருள்கள் மலைமலையாகப் போகத் தொடங்கின. தான் இறக்குமதி செய்யும் பொட்டலங்களை நட்டத்தில் விநியோகிப்பதாகச் சொல்லி, ஒன்றியத்திலிருந்து விலகப்போவதாக 2018 அக்டோபரில் அமெரிக்கா அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாட்டில் சமரசம் எட்டியது. 2020 ஜூலை முதல் அமெரிக்கா தன் விநியோகக் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கலாம் என்றும், மற்ற நாடுகள் 2021 முதல் படிப்படியாக அவ்வாறு செய்யலாம் என்றும் முடிவாயிற்று. சிறு பொட்டலத்துக்கான அஞ்சல் கட்டணம் அடுத்தடுத்த ஆண்டுகளில் உயர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதே காலத்தில் இன்னொரு மாற்றம் ஓசையின்றி நடந்தது. பொட்டலம் விமானம் ஏறும் முன்பே அதன் உள்ளடக்கம் பற்றிய தகவல் மின்னணு வடிவில் சேருமிட நாட்டுக்குப் போய்ச்சேர வேண்டும் என்று பல நாடுகள் கேட்கத் தொடங்கின. அமெரிக்கா 2018இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் 15 முதல் விமான அஞ்சலுக்கும் விரைவுக் கூரியருக்கும் இதைக் கட்டாயமாக்கியது. பச்சை நிறச் சுங்கச் சீட்டில் பேனாவால் ‘துணி’ என்றோ ‘பரிசு’ என்றோ எழுதி ஒட்டினால் போதும் என்ற பழக்கம் அத்தோடு செல்லாததாயிற்று. என்ன பொருள், எந்த மூலப்பொருள், எங்கே தயாரானது, ஆறிலக்கச் சுங்க வகைக் குறியீடு எது என்பதெல்லாம் தெளிவாக வேண்டும்.

மூன்றாவதாக வந்ததுதான் பெரிய அடி. மதிப்புக் குறைந்த பொருள்களுக்கு இருந்த வரி விலக்கை நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. 2018 ஜூலையில் ஆஸ்திரேலியாவும், 2019 டிசம்பரில் நியூசிலாந்தும், 2021 ஜனவரியில் பிரிட்டனும், அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியமும், 2023 ஜனவரியில் சிங்கப்பூரும் இந்தத் திசையில் சென்றன. 800 டாலர்வரை தீர்வையின்றி விட்டுவந்த அமெரிக்கா, முதலில் சீனா, ஹாங்காங் பொருள்களுக்கு 2025 மே 2 முதலும், பிறகு எல்லா நாடுகளுக்கும் 2025 ஆகஸ்ட் 29 முதலும் அந்தச் சலுகையை நிறுத்தியது. தீர்வையை யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது என்ற ஏற்பாடு தயாராக இல்லாததால் 88 அஞ்சல் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தின. ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவுக்குச் சென்ற அஞ்சல், ஒரு வாரத்துக்கு முந்தைய அளவோடு ஒப்பிட 81 விழுக்காடு குறைந்ததாக உலக அஞ்சல் ஒன்றியம் தெரிவித்தது.

இரண்டு நிலைச்செலவுகள்

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. புதிய விதிகள் கொண்டுவந்த செலவுகளில் ஒரு வகை ஒவ்வொரு பொட்டலத்தின்மீதும் விழுகிறது: சுங்கத் தகவல் தயாரிக்கும் கட்டணம், தீர்வையை முன்கூட்டிச் செலுத்தித் தருபவரின் சேவைக் கட்டணம், சேருமிட அஞ்சல் நிறுவனம் கேட்கும் கையாளும் கட்டணம் ஆகியவை. மற்றொரு வகை, ஒரு பொட்டலம் அனுப்பினாலும் ஓராயிரம் அனுப்பினாலும் ஆண்டுதோறும் வருவது: வரிப் பதிவு, அயல்நாட்டில் நியமிக்க வேண்டிய இடையாளர் அல்லது பொறுப்பாளருக்கான கட்டணம், பொதியுறைக் கழிவுக்கான பதிவு, கணக்குத் தாக்கல் முதலியவை.

வரி விகிதத்தைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். சிறு விற்பனையாளரை உண்மையில் வீழ்த்துவது இந்த நிலைச்செலவுகள்தான். 20 விழுக்காடு வரி என்பது 10 டாலர் பொருளுக்கு 2 டாலர், 100 டாலர் பொருளுக்கு 20 டாலர். இரண்டிலும் விகிதம் ஒன்றே. ஆனால், பொட்டலத்துக்கு 5 டாலர் என்று ஒரு சேவைக் கட்டணம் வந்தால் முதலாவதில் அது பாதி விலை, இரண்டாவதில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே, உங்கள் சராசரி ஆர்டர் மதிப்பும், ஒரு நாட்டுக்கு ஆண்டில் எத்தனை ஆர்டர் போகிறது என்ற எண்ணிக்கையும் கையில் இல்லாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த இரண்டு எண்களையும் எல்லா நாட்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் பயனில்லை. நாடுவாரியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பெறுபவர் செலுத்தட்டும் என்று விடுவது

பழைய வழி இதுவே. விற்பனையாளர் அஞ்சல் கட்டணத்தை மட்டும் செலுத்துவார். வரி இருந்தால் பெறுபவர் தம் ஊர் அஞ்சலகத்தில் கட்டிப் பெற்றுக்கொள்வார். விற்பவருக்கு இதில் ஆண்டுச் செலவு எதுவும் இல்லை, பொட்டலச் செலவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுமை முழுவதும் வாங்கியவர் தலையில் இறங்குகிறது என்பதுதான் குறை. 25 யூரோ பொருளுக்கு வரி 5 யூரோ என்று வைத்துக்கொண்டால், அதை வசூலித்துத் தருவதற்காக அஞ்சல் நிறுவனம் கேட்கும் கட்டணம் சில நாடுகளில் அந்த வரியையே தாண்டிவிடும். பிரிட்டனில் ராயல் மெயிலின் கையாளும் கட்டணம் நெடுநாளாக 8 பவுண்டாக இருந்துவந்திருக்கிறது. எதிர்பாராத இந்தத் தொகையைப் பார்த்ததும் வாங்கியவர் பொட்டலத்தை ஏற்க மறுப்பார். அது திரும்பி வர வாரங்கள் ஆகும். சில வேளை வராமலே போகும். பணத்தைத் திருப்பித் தருவதும் கசப்பான மதிப்புரையைத் தாங்குவதும் விற்பவரின் பங்கு.

இருந்தாலும், இந்த வழியை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுவது சரியன்று. ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய விதிப்படி, அந்நாட்டு நுகர்வோருக்கு 12 மாதத்தில் 75,000 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்பவர்தான் பதிவு செய்து வரி வசூலிக்க வேண்டும்; நியூசிலாந்தில் அந்த வரம்பு 60,000 நியூசிலாந்து டாலர். வரம்புக்குக் கீழே நேரடியாக விற்பவரின் பொட்டலம் அந்தந்த நாட்டு நாணயத்தில் 1,000 டாலர்வரை இருந்தால், பொதுவாக எல்லையில் அந்த வரியும் வசூலாவதில்லை. சிறியவரைச் சிறியவராகவே கண்ட விதி இது என்று தாராளமாகச் சொல்லலாம். இந்த இரு நாடுகளுக்கும் சாதாரண அஞ்சலே இன்றும் சிறந்தது. வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் அப்படிப்பட்ட வரம்பு இல்லை. 135 பவுண்டுவரையுள்ள பொருளைப் பிரிட்டன் நுகர்வோருக்கு நேரடியாக விற்பவர், ஒரே ஒரு பொருள் விற்றாலும், அங்கே பதிவு பெற்று விற்பனையின்போதே வரியை வாங்கிச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். எனவே, பெறுபவர் கட்டட்டும் என்று விடுவது பிரிட்டனில் வழியே அன்று. அமெரிக்காவைப் பொறுத்தவரை, 2025 ஆகஸ்ட் மாற்றத்துக்குப் பின் பெரும்பாலான அஞ்சல் நிறுவனங்கள் தீர்வையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் சேவையைத்தான் தருகின்றன.

இந்த இடத்தில் ஒரு சபலத்தையும் குறிப்பிட வேண்டும். ‘பரிசு என்று எழுதுங்கள்’, ‘மதிப்பைக் குறைத்துப் போடுங்கள்’ என்று வாங்குபவரே கேட்பதுண்டு. நேர்மை ஒருபுறமிருக்க, மின்னணுத் தகவல் காலத்தில் இது பலிக்காத தந்திரம். விற்பனைப் பக்கத்தின் விலையோடு ஒத்துப்பார்ப்பது சுங்கத்துக்குக் கடினமான வேலையன்று. பொட்டலம் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடும் எழுதிய மதிப்பைத் தாண்டாது.

அஞ்சலில் முன்கூட்டிச் செலுத்துவது

வாங்குபவர் இணையக் கடையில் பணம் கட்டும்போதே வரியும் தீர்வையும் சேர்ந்த முழுத்தொகையைக் கட்டிவிடுகிறார். பொட்டலம் வீட்டுக்கு வரும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. வணிக வழக்கில் இதை டிடிபி என்று குறிப்பிடுவார்கள். அமெரிக்கா தொடர்பான குழப்பத்தின்போது உலக அஞ்சல் ஒன்றியமே 2025 செப்டம்பரில் இதற்கான கணக்கிடும் வசதியைத் தன் சுங்கத் தகவல் மென்பொருளில் சேர்த்தது. சுங்கத்துறை ஏற்பு பெற்ற ஜோனோஸ் போன்ற தனியார் நிறுவனங்களும் அஞ்சல் நிறுவனங்களுக்காகத் தீர்வையைக் கணக்கிட்டுச் செலுத்தித் தருகின்றன. நின்றுபோன பல அஞ்சல் சேவைகள் இந்த ஏற்பாட்டின் வழியாகத்தான் மீண்டும் தொடங்கின.

ஆண்டுச் செலவு இல்லை, பொட்டலச் செலவு மட்டும் உண்டு என்பதால், நடுத்தர மதிப்புள்ள பொருளைச் சிறு எண்ணிக்கையில் விற்பவருக்கு இதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. வாங்குபவர் மனத்தில் ஐயம் எழுவதில்லை. மறுத்துத் திருப்பும் பொட்டலங்கள் குறைகின்றன. விலை கூடுதலாகத் தெரிவதால் சில ஆர்டர்கள் கைநழுவும் என்பது உண்மை. வாசலில் மறுக்கப்பட்டு அஞ்சல் செலவையும் பொருளையும் சேர்த்து இழப்பதைவிட, கடையிலேயே கைநழுவும் ஆர்டர் மலிவானது.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, அமெரிக்கத் தீர்வை எந்த நாட்டிலிருந்து அஞ்சல் செய்கிறோம் என்பதைப் பொறுத்ததன்று; பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதைப் பொறுத்தது. ஒரு நாட்டில் வாங்கிய மணிகளை இன்னொரு நாட்டிலிருந்து அப்படியே மறுவிற்பனை செய்பவர் தம் நாட்டு விகிதத்தைப் போட்டால் கணக்குத் தவறும். 2025 ஆகஸ்டிலிருந்து ஆறு மாதத்துக்கு மட்டும், அஞ்சல் பொட்டலம் ஒவ்வொன்றுக்கும், தயாரான நாட்டின் தீர்வை விகிதத்தைப் பொறுத்து 80, 160 அல்லது 200 டாலர் என்று ஒரே தொகையாகக் கட்டும் மாற்று முறையும் இருந்தது. 30 டாலர் பொருளுக்கு 80 டாலர் தீர்வை என்பது சிறு விற்பனையாளருக்கு என்ன பொருள்படும் என்று விளக்க வேண்டியதில்லை. விகிதங்கள் அடிக்கடி மாறிவருவதால், தீர்வைத் தொகையைப் பொருள் விலைக்குள் மறைத்து வைக்காமல் தனித் தொகையாகக் காட்டுவது நல்லது. மாறும்போது ஒன்றை மட்டும் திருத்தினால் போதும். அச்சிட்ட நூல்கள் போன்ற தகவல் பொருள்களுக்கு அமெரிக்கா 2025இல் விதித்த அவசரநிலைத் தீர்வைகள் பொருந்தவில்லை என்பதைப் புத்தகம் விற்பவர் நினைவில் வைக்கலாம். ஒரே கடையில் நூலும் துணியும் விற்பவர் இரண்டுக்கும் ஒரே முடிவை எடுக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பொருளை வாங்கியவர் திருப்பி அனுப்பினால், ஏற்கெனவே கட்டிய தீர்வையை மீட்பது சிறிய தொகைகளுக்கு நடைமுறையில் இயலாத காரியம். திருப்பும் நிபந்தனையில் அந்தத் தொகை திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா என்பதை முன்பே எழுதிவிட வேண்டும்.

கூரியர்

விரைவுக் கூரியர் நிறுவனங்களுக்குச் சுங்கத் தரகு சொந்த வேலை. அஞ்சல் சேவைகள் நின்ற நாள்களிலும் அவற்றின் விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. தடமறிதலும் இழப்பீடும் அஞ்சலைவிடத் தெளிவானவை. விலை உயர்ந்த பொருளுக்கும், குறித்த நாளில் சேர வேண்டிய பொருளுக்கும் கூரியரோடு வாதிடுவதில் பொருளில்லை.

மலிவான பொருளுக்கு வரும்போது கதை வேறு. பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்கின்றன. உண்மை எடை, இந்த அளவு எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 40, 30, 20 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் அரைக் கிலோ விளக்குக்கூடு இருந்தாலும் அது 4.8 கிலோ ஆகிவிடும். இதன்மேல் எரிபொருள் கூடுதல் கட்டணம், தொலைதூரப் பகுதிக் கட்டணம், தீர்வையை முன்பணமாகக் கட்டியதற்கான கட்டணம் என்று வரிசை நீளும். அறிவித்த கட்டணத்தையும் மாத இறுதியில் வரும் பில்லையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் கூரியரை அஞ்சலோடு ஒப்பிடக் கூடாது. சிறு விற்பனையாளர் பலரின் ஆர்டர்களைத் திரட்டித் தள்ளுபடி விலையில் கூரியருக்குத் தரும் ஒருங்கிணைப்பு நிறுவனங்கள் இந்த இடைவெளியை ஓரளவு குறைக்கின்றன. ஆனால் அப்போது பொட்டலம் தொலைந்தால் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் என்ன பதில் இருக்கிறது என்று படித்துவிடுவது அவசியம்.

பெரிய சந்தைத்தளத்தின் நிழலில் விற்பது

சொந்த இணையக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஈபே, எட்சி போன்ற தளங்களின் கமிஷன் எப்போதும் ஓர் உறுத்தல். விதி மாற்றங்களுக்குப் பின் அந்தக் கமிஷனை வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோவரையும், பிரிட்டனில் 135 பவுண்டுவரையும் உள்ள இறக்குமதிப் பொருளைச் சந்தைத்தளத்தின் வழியாக விற்கும்போது, வரியைப் பொறுத்தவரை அந்தத் தளமே விற்பனையாளராகக் கருதப்படுகிறது. வரியை வசூலிப்பதும் கட்டுவதும் தளத்தின் கடமை. அதே பொருளைச் சொந்தக் கடையில் ஐரோப்பியருக்கு விற்று, வரியை முன்கூட்டியே வசூலிக்க விரும்பினால், ஐஓஎஸ்எஸ் எனப்படும் ஒருமுனைப் பதிவை (ஒன்றிய நாடுகள் எல்லாவற்றின் வரியையும் ஒரே இடத்தில் செலுத்த உதவுவது) நீங்களே பெற வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் விற்பனையாளர் அதற்குப் பெரும்பாலும் ஒன்றியத்துக்குள் இயங்கும் இடையாளர் ஒருவரை நியமித்து, மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். மாதத்துக்கு நான்கைந்து ஆர்டர் போகும் கடைக்கு இந்த ஆண்டுச் செலவு கட்டுப்படியாகாது. அங்கே கமிஷன் என்பது, ஆண்டுச் செலவை விற்பனைக்கு ஏற்ற செலவாக மாற்றித் தரும் விலை. விற்றால்தான் கொடுக்கிறோம், விற்காத மாதத்தில் கொடுப்பதில்லை.

ஆகவே, ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் சந்தைத்தளம், ஆஸ்திரேலியா நியூசிலாந்துக்குச் சொந்தக் கடை என்று பிரித்து நடத்துவது பலருக்கும் பொருந்தக்கூடிய ஏற்பாடு. எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே வாசல் என்ற ஆசையை விட்டால்தான் இது கைகூடும்.

தளம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. தளத்தின் ஐஓஎஸ்எஸ் எண் அஞ்சல் நிறுவனத்தின் மின்னணுத் தகவலில் சரியாக ஏறாவிட்டால், கடையில் ஒருமுறை வரி கட்டியவரிடம் எல்லையில் மறுபடியும் வரி கேட்கப்படும். 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுப் பொருள் பாதுகாப்பு விதியும் அப்படித்தான்: உணவு அல்லாத பெரும்பாலான நுகர்பொருள்களுக்கு ஒன்றியத்துக்குள் இருக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் முகவரியும் விற்பனைப் பக்கத்திலும் பொருளிலோ உறையிலோ இருக்க வேண்டும். தளம் அதற்கான இடத்தைத்தான் தரும், ஆளைத் தராது. கைவினைப் பொருள் செய்பவர்களில் பலர் வரிக்காக அன்று, இந்த ஒரு விதிக்காகவே ஐரோப்பிய விற்பனையை நிறுத்தினார்கள். பழம்பொருள்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் சாதாரணப் பழைய பொருள்களுக்கும் அதே விலக்கு என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொரு கணக்கும் சேர்கிறது. 150 யூரோவுக்குக் கீழே இருந்த தீர்வை விலக்கை நீக்குவது என்று முடிவெடுத்த ஐரோப்பிய நாடுகள், இடைக்கால ஏற்பாடாக, 2026 ஜூலை 1 முதல் பொருள் வகை ஒன்றுக்கு 3 யூரோ தீர்வை என்று 2025 டிசம்பரில் ஒப்புக்கொண்டன. இது பொட்டலத்துக்கு 3 யூரோ அன்று. ஒரே பொட்டலத்தில் ஒரே வகைச் சால்வை இரண்டு இருந்தால் 3 யூரோ; ஒரு சால்வையும் ஒரு மரப்பெட்டியும் இருந்தால் 6 யூரோ. பல வகைச் சிறு பொருள்களைக் கலந்து பரிசுத்தொகுப்பாக விற்பவருக்கு இது நேரடியான பாதிப்பு. ஒரே வகைப் பொருளை மூன்று நான்காகச் சேர்த்து விற்பவருக்கு ஏறத்தாழப் பாதிப்பே இல்லை. அனுப்பும் வழியை மாற்றுவதைவிட, விற்கும் தொகுப்பை மாற்றுவது சில கடைகளுக்குப் பெரிய மிச்சத்தைத் தரும்.

அயல்நாட்டுக் கிடங்கில் இருப்பு வைப்பது

ஆலோசனை சொல்பவர்கள் விரும்பிச் சொல்லும் வழி இது. மொத்தமாக ஒருமுறை இறக்குமதி செய்து, அங்கிருந்தே உள்நாட்டு அஞ்சலில் அனுப்பினால், வாங்குபவருக்கு இரண்டொரு நாளில் பொருள் கிடைக்கும். இதில் மறுக்க முடியாத ஓர் ஆதாயமும் உண்டு: தீர்வை பெரும்பாலும் சில்லறை விலையின்மீது இல்லாமல், மொத்தமாக இறக்குமதி செய்யும்போது உள்ள குறைந்த மதிப்பின்மீது விழுகிறது, பொட்டலச் செலவும் நூற்றுக்கணக்கான பொருள்களிடையே பகிர்ந்துபோகிறது.

ஆனால், ஆண்டுச் செலவு அத்தனையும் இங்கேதான் குவிகிறது. ஐரோப்பிய நாடு ஒன்றில் சரக்கை வைத்த உடனே அந்த நாட்டில் வரிப் பதிவு தேவைப்படும்; ஜெர்மனி போன்ற நாடுகளில் பொதியுறைக் கழிவுக்கான பதிவு அயல்நாட்டு விற்பனையாளருக்கும் கட்டாயம். கிடங்கு வாடகை, நெடுநாள் விற்காத சரக்குக்கான கூடுதல் கட்டணம், மீதமானதைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு ஆகியவை வேறு. மாதந்தோறும் ஒரே பொருள் நிலையாக விற்கும் கடைக்கு இது பொருந்தும். ஒவ்வொன்றும் வேறுபட்ட கைவினைப் பொருள், பழைய நூல், ஒற்றைப் பிரதிகள் விற்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எது விற்கும் என்று தெரியாத சரக்கைக் கடல் கடத்தி வைப்பது சூதாட்டம்.

ஒரு நாட்டை மூடிவிடுவது

தோல்வியாகப் பார்க்கப்படுவதால் இந்த வழி ஒப்பீடுகளில் இடம்பெறுவதில்லை. மொத்த விற்பனையில் மிகச் சிறு பங்கு தரும் ஒரு நாட்டுக்காக ஆண்டு முழுவதும் விதிகளைப் படித்துக்கொண்டிருப்பதும் செலவுதான். அந்த நேரத்துக்குக் கணக்கு எழுதாததால் அது தெரிவதில்லை. முழுவதும் மூடாமல் பாதி மூடுவதும் உண்டு: குறிப்பிட்ட நாட்டுக்குக் குறைந்தபட்ச ஆர்டர் தொகை வைப்பது, தீர்வை குறைந்த பொருள்களை மட்டும் திறந்துவைப்பது, முன்பே கேட்டுக்கொண்டவர்களுக்கு மட்டும் கூரியரில் அனுப்புவது ஆகியவை. குறைந்தபட்சத் தொகை வைப்பது, நான் முன்பு சொன்ன பொட்டலச் செலவின் கடுமையை நேரடியாகத் தணிக்கும் எளிய கருவி. வேறு எந்த மாற்றத்தையும் செய்யும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

மூடிய நாட்டை என்றாவது திறக்கலாம் என்று காத்திருப்பவர் சில தேதிகளைக் குறித்துவைக்க வேண்டும். அமெரிக்கச் சலுகை நிர்வாக ஆணையால் நிறுத்தப்பட்டது, ஆணை போனால் சலுகை திரும்பும் என்று சிலர் நம்புகிறார்கள். 2025 ஜூலையில் நிறைவேறிய அமெரிக்க வரவுசெலவுச் சட்டம் அந்தச் சலுகைக்கான சட்ட அடிப்படையையே 2027 ஜூலை 1 முதல் நீக்கிவிடுகிறது. ஆகவே, அந்த நம்பிக்கையின்மேல் ஒரு கடையைக் கட்ட முடியாது. 135 பவுண்டுக்குக் கீழுள்ள தீர்வை விலக்கை 2029 மார்ச்சுக்குள் நீக்குவதாகப் பிரிட்டனும் 2025 நவம்பரில் அறிவித்துவிட்டது.

தேதியைக் குறிக்கும்போது அது எந்தச் செயலுக்கான தேதி என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 29 என்பது பொட்டலத்தை அஞ்சலில் சேர்த்த நாளைக் குறித்ததன்று. அது அமெரிக்காவுக்குள் நுழையும் நாளைக் குறித்தது. அஞ்சல் நிறுவனங்கள் பல நாள்கள் முன்னதாகவே பொட்டலங்களை வாங்குவதை நிறுத்தியதற்கும், அதற்கு முந்தைய வாரங்களில் அனுப்பிய சில பொட்டலங்கள்கூடத் தீர்வையில் மாட்டியதற்கும் காரணம் இதுவே. அடுத்த மாற்றத் தேதி எந்த நாட்டில் வந்தாலும், உங்கள் வழக்கமான அஞ்சல் அந்த நாட்டை அடைய எடுத்துக்கொள்ளும் நாள்களில் மிக நீண்டதை எடுத்து, அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த நாளிலேயே பழைய விலையில் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட வேண்டும்.